சேகரித்தவர் பெயர்

நாப்போ ஆற்றங்கரை ஆய்வு நிலையத்துக்காகப் பதினோரு வருடமாகக் சிறு உயிரினங்களைத் தேடிக் காட்டில் மட்கிய மரங்களைப் புரட்டி வருபவள் சோய்லா கிரெஃபா. ஒரு நாள் ஒரு கட்டைக்கடியில், மெத்தென்ற தோலும் வரிசையாகக் குட்டைக் கால்களும் கொண்ட ஒரு வெல்வெட் புழுவைக் கண்டதுமே இது வேறு இனம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பக்கத்துப் புழுக்கள் எல்லாம் செங்கல் நிறம். இது சாம்பல், முதுகில் மஞ்சள் கட்டங்கள். பசையைப் பீய்ச்சி அவள் விரல்களை ஒட்டவைத்தது. அப்படியும் விடாமல் கால்களை எண்ணினாள். முப்பத்தேழு ஜோடி.

தலைநகர் கீட்டோவிலிருந்து வந்திருந்த விலங்கியல் ஆராய்ச்சியாளர் டாக்டர் வியாசிஸ் அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். நிறம் மாறிய பழைய புழுதான், இதற்குப் போய் என் நேரத்தை வீணாக்குகிறாயே என்று எல்லார் முன்னாலும் கடிந்துகொண்டார்.

சோய்லாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மட்கிய கட்டையோடு புழுவை ஒரு டப்பாவில் வைத்து, சின்னப் பூச்சிகளைப் பிடித்துப் போட்டு வளர்த்தாள். அந்த வகைப் புழு முட்டையிடாது; மூன்றாவது வாரம் அது இரண்டு குட்டி போட்டது. இரண்டுக்கும் அதே சாம்பல், அதே கட்டங்கள்.

டாக்டருக்கு அப்போதுதான் கண் திறந்தது. காலையில் "நம்ம புழு" என்றார். மாலைக்குள் "என் புழு" ஆகிவிட்டது. தாய்ப்புழுவை ஆல்கஹால் குடுவையில் போட்டார். இடம், தேதி, தன் பெயர் என்று அவள் எழுதி வைத்திருந்த சீட்டைக் கசக்கி எறிந்துவிட்டு, சட்டைப்பைப் பேனாவால் வேறொன்று எழுதி உள்ளே நுழைத்தார். சேகரித்தவர்: வியாசிஸ். கேட்டதற்கு, அதெல்லாம் வழக்கம்தான் என்றார். அவருக்கென்ன, காட்டில் அட்டைக்கடி படுவது அவரா? இத்தனை வருடமாக அவள் பிடித்துக் கொடுத்த குடுவைகளில் ஒன்றில்கூட அவள் பெயர் இல்லை. இதிலாவது இருக்க வேண்டாமா? விட்டுத்தள்ளு என்றார்கள் கூட வேலை செய்தவர்கள். அவளால் முடியவில்லை.

ஒரு மாதம் கழித்து, விடியற்காலையில் அவள் குவாயுசா இலைத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, குடுவையோடு கீட்டோ திரும்பியிருந்த டாக்டர் போனில் வந்தார். குரல் வெண்ணெயாக உருகியது. சீட்டில் எழுதியதெல்லாம் ஆல்கஹாலில் கரைந்துவிட்டதாம். இடமும் தேதியும் சரியாக இல்லாமல் புது இனம் என்று எந்த ஆய்வுப் பத்திரிகையும் ஏற்காதாம்.

"எந்த மரம், நீ என்னிக்கு எடுத்தேன்னு கொஞ்சம் சொல்லேன், சோய்லா."

அவள் நிதானமாக ஒரு வாய் குடித்தாள்.

"பேனா ஆல்கஹால்ல நிக்காது டாக்டர். பென்சில் எடுங்க. மொதல்ல சேகரிச்சவர் பேரு. சோய்லா கிரெஃபா. எழுதிட்டு வாசிச்சுக் காட்டுங்க, அப்புறம் தேதி சொல்றேன்."

மறுமுனையில் இழுப்பறையைத் திறந்து தேடும் சத்தம் கேட்டது. பிறகு அவர் வாசித்தார். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள்.