முகத்துக்கு முகம்

எதிர்த் தையல்கடையில் யார் சிரித்தாலும் டெய்லருக்கு வயிறு எரியும். சிரிப்பது சொந்தத் தம்பி என்றால் கேட்கவா வேண்டும்?

அந்தக் கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிவிட்டுச் சர்ச்சுக்குப் போவார். அவருடைய வாடிக்கையாளர்களை வளைத்துப்போட டெய்லர் ஞாயிறும் கடை திறந்தார். ஒரு நாளாவது ஓய்வாய் உட்கார வேண்டும் என்றான் கூடவே தைத்துக்கொண்டிருந்த தம்பி. அப்படியானால் திங்கட்கிழமையும் வராதே என்றார். திங்கட்கிழமை அவன் எதிர்க்கடையில் உட்கார்ந்திருந்தான்.

போன வாரப் பிரசங்கத்தை மனைவி வந்து ஒப்பித்தாள். மனுஷன் மாடாய் உழைப்பதே பக்கத்து ஆள்மேல் உள்ள பொறாமையால்தானாம். ஒரு கை நிறைய இருந்தாலும் நிம்மதியாய் இருப்பதே மேலாம். தனியாய் விழுந்தவனைத் தூக்கிவிட ஆளில்லையாம்.

"என்னைப் பத்திப் பாஸ்டர்கிட்ட யாரு போட்டுக்குடுத்தது?" என்று டெய்லர் அவள்மேல் பாய்ந்தார்.

சர்ச் பாடகர் குழுவின் பன்னிரண்டு அங்கிகளையும், எதிர்க்கடைக்குப் போய்விடக் கூடாதென்றே தனியாளாய் ஒப்புக்கொண்டிருந்தார். ஞாயிறு காலை ஆராதனைக்கு வேண்டும். சனிக்கிழமை மதியம் அங்கிக் கைகளைப் பொருத்த எடுத்தபோதுதான் கவனித்தார். இருபத்துநான்கும் இடக்கை.

துணியின் பளபளப்பான பக்கத்தை முகம் என்பார்கள். வெட்டுவதற்கு ஒன்றின்மேல் ஒன்றாய் விரிக்கும்போது முகமும் முகமும் ஒன்றையொன்று பார்த்தால்தான் இடம், வலம் என்று ஜோடி விழும். முன்பெல்லாம் தம்பி மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, முகத்துக்கு முகம் இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் கேட்பான். எனக்கே பாடம் எடுக்கிறானே என்று இவருக்கு எரிச்சல் வரும்.

மிச்சத் துணி இருந்தது. ஆனால் வழுக்கும் துணியை ஒற்றை ஆளாய் வெட்டித் தைக்க நேரம் போதாது. வெட்கத்தை விட்டுத் தெருவைக் கடந்தார். எதிர்க்கடைக்காரர் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. தம்பியைப் பார்த்துப் போய்வரும்படி தலையசைத்தார். அந்தப் பெருந்தன்மைகூட டெய்லருக்குப் பொறுக்கவில்லை.

தம்பி வந்து மறுமுனையைப் பிடித்தான். பழைய கேள்வியைக் கேட்கவில்லை. டெய்லருக்குத்தான் தாங்கவில்லை.

"அந்தாள்கிட்டயும் அந்தக் கேள்வியக் கேப்பியா?"

"அவரு என்கிட்ட கேப்பாருண்ணே."

டெய்லர் கத்தரியைக் கீழே வைத்தார்.

"முகத்துக்கு முகம் இருக்காடா?"

தம்பி குனிந்து மேல்துணியைத் தூக்கிப் பார்த்தான்.

"இல்லண்ணே. உன் பக்கத்தத் திருப்பு."