எட்டு கார்டுக்கும் சந்தனம்

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து மில் திறந்த காலையில் கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை. ஆபரேட்டர் பாண்டியம்மாள் ஸ்விட்சைப் போட்டாள். விசிறி சுற்றியது, டிஸ்க் உறுமியது, பாதியில் எல்லாம் நின்றுவிட்டது.

திருநகரைத் தாண்டி இருந்த அந்த நூற்பு மில்லுக்கு 1984இல்தான் கம்ப்யூட்டர் வந்திருந்தது. மேனேஜர் சிவனாண்டி உடனே கோயம்புத்தூருக்கு போன் போட்டார்.

"எஞ்சினியர் மத்தியானம் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுல இறங்கிருவாரு. அதுவரைக்கும் ஒருத்தரும் மூடியத் தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் நல்லகாமன் உள்ளே வந்தான். மில்லின் எலக்ட்ரீஷியன், பாண்டியம்மாளின் அத்தை மகன். தையில் இருவருக்கும் கல்யாணம்.

"பாண்டி, ஒரு தப்பு நடந்துபோச்சு."

"என்ன மச்சான்?"

"பூஜையன்னிக்கு நான் அந்த மூடியக் கழட்டினேன். உள்ள அட்டை அட்டையா சொருகியிருந்த எட்டு கார்டையும் உருவி, சந்தனம் குங்குமம் வச்சுத் திருப்பிச் சொருகிட்டேன்."

"எட்டுக்குமா!"

"மில்லுல இருக்க மிஷின் அம்புட்டுக்கும் வச்சோம். இது மட்டும் மொட்டையா நின்னுச்சு. பாவமா இருந்துச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. தொடக்கூடாது என்று சொல்லியிருந்த மீட்டரைத் திறந்த ஃபிட்டரைப் போன மாதம்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். எஞ்சினியர் மூடியைத் திறந்தால் இவன் வேலையும் போகும். வேலையில்லாத மாப்பிள்ளைக்கு அவள் அப்பா பெண் கொடுக்க மாட்டார்.

"எட்டையும் துடைச்சுரவா?"

"கைய வச்சீங்க, தெரியும்! நல்லா இருக்கதும் கெட்டுப்போகும். எதுல நோவுன்னு அதுகிட்டயே கேப்போம்."

டிஸ்க்கைப் படிக்க முடியாவிட்டாலும், சில்லுக்குள் பதித்திருக்கும் ஒரு சின்ன புரோகிராம் விழித்தே இருக்கும். பெங்களூர்ப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவள் பொத்தானை அழுத்தியதும் வெறும் திரையில் ஒரே ஒரு குறி தோன்றியது. மெமரியில் ஓர் இடத்தின் எண்ணை அடித்து, அங்கே 177777 என்று எழுதினாள். உடனே திருப்பிக் கேட்டாள். அதே எண் வந்தது.

"மொத மெமரி கார்டு நல்லாருக்கு."

இரண்டாவதும் மூன்றாவதும் சரியாகவே பதில் சொல்லின. நான்காவது 177577 என்றது.

"திரும்பக் கேளு புள்ள."

கேட்டாள். மறுபடியும் 177577.

"குடுத்தத அப்படியே திருப்பித் தர மாட்டேங்குது. இதுதான்."

கரண்ட்டை அணைத்து, மூடியைக் கழற்றி, அந்தக் கார்டை உருவினாள். அடியில் கரண்ட் பாய்வதற்காக வரிசையாக இருந்த தங்க நிறப் பற்களில் ஒன்றின் மேல் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது.

"பல்லுல போயா பொட்டு வைப்பாங்க?"

"பளபளன்னு இருந்துச்சு. அதான் முகம்னு நெனச்சேன்."

பென்சில் ரப்பரால் அவள் தேய்த்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. மேனேஜர்.

"யாரு மூடியக் கழட்டினது?"

"நான்தான் சார்" என்றாள் பாண்டியம்மாள்.

"இல்ல சார், பொய் சொல்றா" என்று நல்லகாமன் முன்னால் வந்தான். பூஜையில் நடந்தது முழுவதையும் சொன்னான்.

மேனேஜர் வாயைத் திறப்பதற்குள் அவள் குறுக்கிட்டாள். "ரெண்டு நிமிஷம் சார். அப்புறம் திட்டுங்க."

கார்டைச் சொருகி கரண்ட்டைப் போட்டாள். எழுதினாள், கேட்டாள். 177777. டிஸ்க்கைப் படிக்கச் சொல்லும் கட்டளையை அடித்தாள். உறுமல் இந்த முறை நிற்கவில்லை. வரிகள் மளமளவென்று ஏறின.

மேனேஜர் திரையையே பார்த்தபடி நின்றார்.

"எஞ்சினியருக்கு என்ன பதில் சொல்றது?"

"நடந்ததச் சொல்லிருவோம் சார். மத்த ஏழு கார்டையும் அவரு சுத்தம் பண்ணட்டும்."

"ம். உண்மையச் சொன்னதால இவன் வேலையில கை வைக்கல. ஆனா தண்டனை உண்டு. நல்லகாமா, ஒரு வாரத்துக்கு இந்த ரூம் வாசப்படிய நீ மிதிக்கக் கூடாது."

வேலை தப்பியதற்கு மலர்ந்த முகம் உடனே வாடிப்போனது. "ஒரு வாரமா சார்?"

"அப்பப் பத்து நாள்."

எழுந்துவிட்ட கம்ப்யூட்டர் வழக்கம்போல் தேதி கேட்டது. சிரிப்பை அடக்க முடியாமல் பாண்டியம்மாள் அதை இரண்டு முறை தப்பாக அடித்தாள்.