கைலாசம் வாங்கி வந்த ஃபில்டர்

இரண்டாயிரத்து இருபத்தொன்று மே மாதம் சேந்தமங்கலம் மாதேஸ்வரனுக்குக் கொரோனா வந்தபோது, அவருடைய பண்ணையில் நாற்பதாயிரம் கோழிகளுக்கும் தடுப்பூசி போட்டாகியிருந்தது. அவர் மட்டும் போட்டுக்கொள்ளவில்லை. ஊசி போட்டால் காய்ச்சல் வருமாம்.

ஏழாம் நாள் மூச்சு திணறியது. மனைவி அமுதவல்லி அவரைச் சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தாள். கூடவே அவளுடைய அண்ணன் கைலாசமும் வந்தார். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் டாக்டருக்கு முன்னால் நோயைக் கண்டுபிடித்துவிடுவார்.

அடுத்த நாள் டாக்டர் அன்பழகன் இருவரையும் அழைத்துப் பேசினார். கிருமியைவிட, அதை எதிர்க்கக் கிளம்பிய உடம்பின் கொதிப்புதான் இப்போது நுரையீரலைக் கெடுக்கிறது, அதை அடக்க ஸ்டீராய்டு தொடங்கியிருக்கிறோம் என்றார். ரத்தத்தை வடிகட்டும் முறை ஒன்றும் உண்டு. குழாய் வழியே ரத்தத்தை வெளியே எடுத்து, சிறு மணிகள் நிரப்பிய குடுவைக்குள் செலுத்தினால், கொதிப்பைத் தூண்டும் பொருள்கள் மணிகளில் ஒட்டிக்கொள்ளும். மிச்ச ரத்தம் உடம்புக்குத் திரும்பும். ஆனால் இதனால் உயிர் பிழைக்கிறார்கள் என்பதற்கு உறுதியான நிரூபணம் இல்லை, கெடுதலும் வரலாம் என்று முடித்தார்.

கைலாசம் "ஆனால்" வருவதற்குள் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார். சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு, லாரிக்கு ஆயில் ஃபில்டர் மாதிரிதான், அழுக்கை எடுத்துவிட்டால் என்ஜின் ஓடும் என்று விளக்கினார். திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டி ஓட்டும் வேல்முருகனின் மாமனாருக்கு இரண்டு ஃபில்டர் போட்டார்களாம் என்று யாரோ சொன்னார்கள். அப்படியென்றால் நமக்கு மூன்று என்று அங்கேயே முடிவாயிற்று. வேல்முருகனின் மாமனார் பிழைத்தாரா என்று யாரும் கேட்கவில்லை.

ஊரடங்கில் பாஸ் வாங்கி, பெங்களூருக்குக் கார் அனுப்பி, இரண்டே நாளில் மூன்று பெட்டிகளை வரவழைத்தார் கைலாசம். ஐ.சி.யு. வாசலில் பெட்டியும் கையுமாகப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். எழுபத்தைந்து பேர் கைகூப்பினார்கள்.

கையெழுத்துப் போட வேண்டியவள் அமுதவல்லி. டாக்டர் நீட்டிய தாளை வாங்கிக்கொண்டு அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"உங்க அப்பாவா இருந்தா இதப் போடுவீங்களா சார்?"

அன்பழகன் கதவைப் பார்த்தார். கைலாசம் வெளியே போனில் இருந்தார்.

"இன்னைக்குப் போட மாட்டேன்மா. ஸ்டீராய்டு இப்பதான் கேக்க ஆரம்பிச்சிருக்கு. ரெண்டு நாள் பாப்பேன்."

"அப்புறம் ஏனுங்க இந்தப் பேப்பரக் குடுத்தீங்க?"

"உங்க அண்ணன் தினம் மூணு தடவ கேக்கறாரு. வேண்டாம்னா எனக்கு ஒண்ணும் தெரியலைங்கறாரு. மேல இருக்கறவங்களும் அவரு பேச்சைத்தான் கேக்கறாங்க."

அமுதவல்லி கையெழுத்துப் போடாமல் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். கைலாசம் அவளிடம் கத்தவில்லை. சொந்தக்காரர்களுக்குத்தான் போன் செய்தார். மாப்பிள்ளைக்கு ஏதாவது ஆனால் தான் பொறுப்பில்லை, தங்கச்சிதான் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். இரண்டு நாள் அவள் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அரை மயக்கத்தில் குப்புறப் படுத்திருந்த கணவரின் முதுகு ஏறி இறங்குவதையே எண்ணிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் ஆக்சிஜனைக் குறைத்தார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்த பதினாறாம் நாள் அவர் வீட்டுக்கு வந்துவிட்டார்.

பெட்டிகளைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்று விற்றவர்கள் சொல்லிவிட்டதால், கைலாசத்துக்குத் தர்ம சிந்தனை வந்தது. பக்கத்துக் கட்டிலில் மோசமான நிலையில் கிடந்த ஆட்டையாம்பட்டி நெசவாளி சடையனுக்கு மூன்றையும் இலவசமாகக் கொடுத்து, அதற்கும் படம் எடுத்துக்கொண்டார். சடையனுக்கு இரண்டு போட்டார்கள். மூன்றாவதற்கு அவர் இருக்கவில்லை. வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி வரவில்லை.

ஊரடங்கு தளர்ந்ததும் அமுதவல்லி ஆட்டையாம்பட்டிக்குப் போனாள். சடையனின் மனைவி மயிலம்மாள் தறிக்குழியிலிருந்து எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க அண்ணன் சாமி மாதிரிங்க. எங்களுக்குத்தான் குடுப்பினை இல்ல." பிறகு கையை விடாமலே, "அது போட்டதுனால ஒண்ணும் ஆயிருக்காதுங்களே?" என்று கேட்டாள்.

"எனக்குத் தெரியலீங்க," என்றாள் அமுதவல்லி. டாக்டருக்கும் தெரியாது என்பதை அவள் சொல்லவில்லை.

வீடு திரும்பியபோது மாதேஸ்வரன் பண்ணைக்காரர்கள் நான்கு பேருக்குக் கழுத்தில் இருந்த தழும்பைக் காட்டிக்கொண்டிருந்தார். மருந்து ஏற்றக் குழாய் போட்ட இடம் அது. மச்சான் பெங்களூரிலிருந்து ஃபில்டர் கொண்டுவந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது ரத்தம் இளநீர் மாதிரி இருக்கிறதாம், சர்க்கரைகூடக் குறைந்துவிட்டதாம்.

அவர்கள் போகும்வரை அமுதவல்லி காத்திருந்தாள்.

"உங்களுக்கு அது போடவே இல்லீங்க. நாந்தான் வேண்டாம்னேன்."

மாதேஸ்வரன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"கூடப் பொறந்த அண்ணன் மேலயே இத்தன பொறாமை ஆகாது அமுதா," என்றார்.