காற்றுக் கொடுக்கும் விளையாட்டு

பஸ் பணிமனையின் ஓய்வறையில் மதியச் சாப்பாட்டு நேரம். பத்துப் பதினைந்து பேர் வாயில் வைத்த கவளத்தை விழுங்க முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் புயல் நின்றுகொண்டிருந்தார். மேலே ஓட்டுநர் சட்டை. கீழே, பின்பக்கம் மெத்தை வைத்துத் தைத்த கறுப்புச் சைக்கிள் கால்சட்டை. சரியாக இருக்கிறதா என்று போட்டுப் பார்க்க வேறு இடமா கிடைக்கவில்லை அந்த மனிதருக்கு!

புயல் என்பது அப்பா அம்மா வைத்த பெயர் இல்லை. இருபத்தாறு வருடம் கண் மண் தெரியாமல் பஸ் ஓட்டிச் சம்பாதித்த பெயர். தொப்பையைக் குறைக்கச் சைக்கிள் மிதியுங்கள் என்று டாக்டர் சொல்லப்போக, ஐந்தே மாதத்தில் அது பைத்தியமாக முற்றிவிட்டது. இப்போது இருநூறு கிலோமீட்டர் சைக்கிள் பயணம் ஒன்றுக்குப் பெயர் கொடுத்திருக்கிறார். பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். வழியில் நான்கு இடங்களில் அட்டையில் முத்திரை வாங்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் கதை கந்தல்.

சட்டையில் குத்திக்கொள்ளும் எண் துணியை எடுத்து எல்லோருக்கும் காட்டினார். அறுபத்தொன்று.

"இருபத்தாறு வருஷமா வண்டிக்குத்தான் நம்பர். எனக்குன்னு ஒரு நம்பர் வந்தது இப்பதான்" என்றார். கால்சட்டைக்குச் சிரித்தவர்கள் இதற்குச் சிரிக்கவில்லை.

வீட்டிலும் கால் தரையில் பாவவில்லை. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவி கடைத் தராசையே கொண்டுவந்து, பையில் போகும் ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்த்தாள். பம்பு, மாற்று டியூப், உப்புப் பொட்டலம், விளக்கு எல்லாம் தேறின. பஸ் சக்கரத்தைக் கழற்றும் முழ நீள ஸ்பானரை அவர் பழக்கதோஷத்தில் வைத்திருந்தார். அதை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, சைக்கிளையே தூக்கி பஸ்ஸில் போட்டுக்கொண்டு போய்விடுங்களேன் என்றாள். அவளுக்கும் உள்ளுக்குள் கொள்ளை சந்தோஷம். சட்டை முதுகில் ஒளிரும் பட்டையை இரண்டு முறை பிரித்துத் தைத்தாள்.

பஸ் புத்தி அவ்வளவு சுலபத்தில் போகுமா? பயிற்சியின்போது முச்சந்தியில் பதினொரு மீட்டர் வண்டியைத் திருப்புவது போல அகல வளைத்துத் திரும்புவார். தண்ணீர் குடிக்க நின்றால், கிளம்புவதற்கு விசில் வரட்டும் என்று இரண்டு நொடி காத்திருப்பார். பத்து வருடமாக அவருடைய பஸ்ஸில் இருக்கும் கண்டக்டரம்மாவிடம் இதைச் சொன்னபோது, பயணத்தன்று நான் வேண்டுமானால் பின்னால் உட்கார்ந்து ஊதட்டுமா என்று கேட்டாள்.

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிட வேண்டும். அந்தப் பணிமனையில் ஒரு விளையாட்டு உண்டு. அதற்குக் 'காத்து குடுக்கறது' என்று பெயர். முன்னால் சைக்கிள் போனால், நீளமாக ஹாரன் அடித்து, கைப்பிடியை உரசுகிற மாதிரி பஸ்ஸை விடுவது. அந்தக் காற்றில் சைக்கிள்காரர் தடுமாறினால் அன்றைக்குத் தேநீர் இலவசம். விளையாட்டைக் கண்டுபிடித்தவர் சாட்சாத் புயல்தான். இதுவரை ஏரிக்கரைப் பாதையிலேயே பயிற்சி செய்து வந்ததால், பஸ் ஓட்டும் தானும் சைக்கிள் ஓட்டும் தானும் ஒரே ரோட்டில் சந்தித்துக்கொள்ளலாம் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை.

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு, விடுமுறை நாளில், கடைசிப் பயிற்சி. நூறு கிலோமீட்டர், நிஜப் பயணம் போகும் அதே நெடுஞ்சாலையில். திரும்பி வரும் வழியில், எண்பதாவது கிலோமீட்டரில் கால்கள் கெஞ்சவில்லை, மூச்சு வாங்கவில்லை. முடித்துவிடுவேன் என்று முதல்முறையாக நிச்சயமாகத் தெரிந்தது. சந்தோஷம் தாங்காமல் தனியாகவே சிரித்துக்கொண்டு நீளப் பாலத்தில் ஏறினார்.

பின்னால் ஹாரன் அலறியது.

ஒதுங்க இடமில்லை. வலது கைக்கு ஒரு சாண் தூரத்தில் பஸ்ஸின் பக்கத் தகடு ஓடியது. காற்று முதலில் தள்ளியது, பிறகு இழுத்தது. அடுத்த நொடி அவர் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் மோதி, உள்ளங்கைத் தோல் உரியக் கீழே கிடந்தார். முன் சக்கரம் கோணிக்கொண்டு சுற்றியது.

விசில் விடாமல் ஊதுவது கேட்டது. பாலத்தைத் தாண்டிப் பஸ் நின்றது. அவருடைய பஸ்தான். கண்டக்டரம்மா இறங்கி ஓடிவந்தாள். பின்னாலேயே, போன வருடம் வேலைக்குச் சேர்ந்த டிரைவர். விழுந்து கிடப்பது யார் என்று பார்த்ததும் அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"அண்ணே, நீங்கன்னு தெரியாதுண்ணே. தெரிஞ்சிருந்தா குடுத்திருக்கவே மாட்டேன்."

வேறு யாராவது என்றால் கொடுத்திருப்பான். அதைத்தான் அவன் சொன்னான் என்று அவனுக்கே புரியவில்லை. புயலுக்குப் புரிந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

கண்டக்டரம்மா அவர் கையைத் தண்ணீரில் கழுவிக்கொண்டே பேசினாள். கோபம் இல்லை, அழுகையும் இல்லை.

"இவன் நான் விசில் ஊதினதும் நிறுத்திட்டான். நீங்க ஒரு நாளும் நிறுத்தினதில்லண்ணே. நீங்க முன்னாடி பாத்து ஓட்டுவீங்க. பின் கண்ணாடி வழியா பாக்கறது நான். கேரியர்ல முட்டை அட்டை கட்டிக்கிட்டு ஒரு அம்மா போவாங்களே, ஞாபகம் இருக்கா? இதே பாலத்துல விழுந்தாங்க."

"அப்புறம்? எழுந்திரிச்சாங்களா?"

"தெரியல. நீங்க அவ்வளவு வேகமா போயிட்டீங்க."

அந்தப் பதில் உள்ளங்கைக் காயத்தை விட அதிகமாக எரிந்தது.

வீட்டில் கட்டுப் போட்டபடியே மனைவி திட்டவட்டமாகச் சொல்லிவிட்டாள், பயணமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று. பஸ் ஓட்டிய கிராதகன் யார் என்று கேட்டாள். மறைக்க அவருக்கு மனம் வரவில்லை. விளையாட்டையும், அதைக் கண்டுபிடித்தவரையும் சேர்த்தே சொன்னார். அவள் கட்டின் கடைசி முடிச்சைப் போட்டாள். பிறகு, பயணத்தன்று எண்பது பேர் அந்தப் பாலத்தில் வரப்போகிறார்கள், முதல் ட்ரிப் பஸ்ஸும் அதே நேரத்தில்தான் வரும், இல்லையா என்று கேட்டாள்.

"நீங்க ஆரம்பிச்சது. நீங்களே நிறுத்துங்க. நிறுத்திட்டு அப்புறம் சைக்கிளைத் தொடுங்க" என்றாள்.

மறுநாள் பணி மாறும் வேளையில், கைக்கட்டோடு புயல் ஓய்வறை நடுவில் நின்றார். போன வாரம் கால்சட்டையோடு நின்ற அதே இடம். வேடிக்கை எதிர்பார்த்துச் சிலர் முன்கூட்டியே சிரித்தார்கள். அவர் பாலத்தில் நடந்ததைச் சொன்னார். இளைய டிரைவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. தப்பு என்னுடையது, பாடம் நடத்தியவன் நான் என்றார். முட்டைக்கார அம்மாவைப் பற்றியும் சொன்னார். வயதான டிரைவர் ஒருவர், வண்டி நேரத்துக்குப் போகவில்லையென்றால் மேலதிகாரிக்கு யார் பதில் சொல்வது என்று முணுமுணுத்தார். நான் சொல்கிறேன் என்றார் புயல்.

அன்று மாலையே பரீட்சை வந்தது. பாலத்தில் ஒரு சைக்கிள். புயல் கியரைக் குறைத்து, ஹாரனைத் தொடாமல், பின்னாலேயே ஊர்ந்தார். பயணிகள் சலித்துக்கொண்டார்கள். எதிர்ப்பக்கம் காலியானதும் ஒரு ஆள் படுக்கும் இடம் விட்டுத் தாண்டினார். பின் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்த கண்டக்டரம்மா, "பாட்டு பாடிக்கிட்டே வர்றாருண்ணே" என்று அங்கிருந்தே சொன்னாள்.

பயண நாள் வந்தது. கோணல் நிமிர்த்திய சக்கரம், சட்டை முதுகில் இரண்டு முறை தைத்த பட்டை, மார்பில் அறுபத்தொன்று. கொடி அசைந்தபோது புயலுக்குத் தலைகால் புரியவில்லை. நல்லவேளையாக மனைவி மருந்துக்கடைப் பையிலிருந்து ஒரு விசிலை எடுத்து இரண்டு முறை ஊதினாள். அதற்குப் பிறகுதான் அவருக்கு மிதிக்க வந்தது.

பாலத்தில் ஏறும்போது பின்னால் பஸ் வந்தது. பக்கத்தில் மிதித்துவந்த வங்கிக்காரப் பெண்மணி தோளைக் குறுக்கிக்கொண்டு ஓரம் தேடினாள். ஹாரன் வரவில்லை. பாலம் முடியும் வரை பஸ் பொறுமையாக ஊர்ந்து வந்தது. பிறகு நன்றாக விலகித் தாண்டியது. ஓட்டியவன் இளைய டிரைவர். பின் கண்ணாடியில் கண்டக்டரம்மா கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள்: யாரும் விழவில்லை.

"ஆச்சரியமா இருக்கே. இவங்க ஹாரன் அடிக்காம தாண்டவே மாட்டாங்களே" என்றாள் பெண்மணி.

"இத்தனை வருஷமா ரோடு எங்களுதுன்னு நெனச்சிருந்தோம்மா" என்றார் புயல். "முன்னாடி சின்ன வண்டியில போறவங்களும் பத்திரமா வீட்டுக்குப் போகணும்னு பெரிய வண்டிக்காரன் நெனைச்சாப் போதும். ரோடு எல்லாருக்கும் தாராளமா காணும்."

சொல்லிவிட்டு அவர் எழுந்து நின்று மிதித்தார். முதல் முத்திரைக்கு இன்னும் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் இருந்தது.