அஸ்லே வர்ணம் அடித்த லட்சணம்

என் தம்பி அஸ்லே பதினோரு வருடம் வெளிநாட்டில் கால்பந்து ஆடினான் என்று ஊரில் சொல்வார்கள். ஆடினான் என்பது பெரிய வார்த்தை. முதலில் பெல்ஜியத்தில் இரண்டாம் டிவிஷன், அப்புறம் துருக்கி, கடைசியில் சைப்ரஸ். தடுப்பாட்டக்காரன். பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரர்கள் உட்காரும் பெஞ்சைத்தான் காற்றில் பறக்காமல் தடுத்துக்கொண்டிருந்தான். ஆனால் எங்கள் ஊரில் மீன் ஆலையை விட்டால் வேறு பெருமை இல்லை. அதனால் கிளப் கட்டடத்தில் அவன் படத்தை மாட்டி வைத்திருக்கிறார்கள். படத்திலும் குளிர் கோட்டைக் கழற்றாமல்தான் நிற்கிறான்.

போன கோடையில் திரும்பி வந்தான். கறுப்புக் கண்ணாடி, வெயிலில் வெந்து சிவந்த கழுத்து, எங்கள் சந்துக்குள் திரும்பவே முடியாத ஒரு கார். கிளப்புக்குப் புதுப் பயிற்சியாளர் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும் அதே நினைப்பாக அலைந்தான்.

"அக்கா, எனக்கு இதை விட்டா வேற ஒண்ணும் தெரியாது. இது கிடைக்கலன்னா என் கதை முடிஞ்சுது."

"மீன் ஆலைக்கு வா. நானும் இருபது வருஷமா அங்கதான் பெட்டி தூக்கறேன். குறைஞ்சா போயிட்டேன்?"

அவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எவ்வளவு திமிர் என்று நினைத்துக்கொண்டேன்.

செப்டம்பரில் டுக்னாட் வந்தது. ஊரே கூடிக் கூலியில்லாமல் செய்யும் பொதுவேலை அது. கிளப் கட்டடத்துக்குச் சிவப்பு வர்ணம் அடிக்க வேண்டும், மைதானத்து ஓரத்தில் பாசி சுரண்ட வேண்டும். வங்கி மேனேஜரும் வருவார், பாதிரியாரும் வருவார், அவரவர் வாளியும் தூரிகையும் அவரவரே கொண்டுவர வேண்டும். யார் யாருக்கு எவ்வளவு வேலை என்பதற்கு நான்தான் பொறுப்பு. அஸ்லேவுக்கு மேற்குச் சுவரை ஒதுக்கினேன்.

மேற்குச் சுவர் முன்னால் ஒரு வேன் வந்து நின்றது. அஸ்லே கூலிக்கு அமர்த்திய மூன்று லிதுவேனியாக்காரர்கள் வெள்ளை உடுப்பில் இறங்கினார்கள். ஏணியைச் சாத்தினார்கள், இயந்திரத்தில் வர்ணத்தைப் பீய்ச்சினார்கள். மேற்குச் சுவர் முடிந்ததும் அஸ்லே சொல்லியிருந்தபடி மற்ற மூன்று சுவர்களையும் முடித்துவிட்டுப் போய்விட்டார்கள். நாங்கள் காய்ந்த தூரிகையோடு நின்றுகொண்டிருந்தோம். காபி நேரத்துக்கு அஸ்லே கறுப்புக் கண்ணாடியும் கையில் கேக் பெட்டியுமாக வந்தான்.

"எல்லாருக்கும் வேலை மிச்சம்! சந்தோஷமா இருங்க!"

"ரொம்ப நன்றி," என்றார் கிளப் தலைவர் ஹல்வார். பஸ் ஓட்டுபவர், வாயைத் திறந்தால் யாரையாவது வம்புக்கு இழுக்காமல் விடமாட்டார். அன்றைக்கு அவ்வளவுதான் சொன்னார். மற்றவர்களும் நன்றி சொன்னார்கள், கேக் தின்றார்கள், மதியத்துக்கு முன்பே கலைந்தார்கள். ஒருவரும் ஒரு குத்தல் வார்த்தை பேசவில்லை. எங்கள் ஊரில் அதைவிடக் கேவலமான வசவு கிடையாது. பேச்சை மென்று விழுங்கிவிட்டு வருடக்கணக்கில் ஒருவனை மறந்துபோவதில் எங்கள் ஆட்கள் கெட்டிக்காரர்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அன்று சாயங்காலமே அவன் வீட்டுக்குப் போனேன், நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க. கதவு திறந்துதான் இருந்தது. அஸ்லே மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தான். பின்பக்கமாக, கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குழந்தை இறங்குவதுபோல. ஒவ்வொரு படிக்கும் பல்லைக் கடித்தான்.

"முட்டியாடா?"

"ரெண்டும்." என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. "ஊசி போட்டுப் போட்டு ஆடினேன். இப்ப மண்டி போட முடியல, ஏணி ஏற முடியல."

"அதை அங்கயே சொல்லித் தொலைய வேண்டியதுதானே!"

"உனக்குத் தெரியாது அக்கா. முட்டி வலிக்குதுன்னு ஒருத்தன் சொன்னா, மறுநாள் அவன் சட்டையில வேற ஆள். நொண்டியைப் பயிற்சியாளரா வைப்பாங்களா? யார்கிட்டயும் சொல்லிடாத. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். பாவமாகத்தான் இருந்தது, ஆனால் அதைவிட அருவருப்பாக இருந்தது. தன் முட்டியைத் தன் ஊர்க்காரர்களிடமிருந்தே காப்பாற்றிக்கொண்டிருக்கிறான் மடையன். பதினோரு வருடத்தில் இவன் ஒழுங்காகத் தடுத்தாடியது இது ஒன்றுதான்.

பிப்ரவரியில் ஆண்டுக் கூட்டம். பயிற்சியாளரை அதில்தான் தேர்ந்தெடுப்போம். அஸ்லே எழுந்து நின்று நவீனத் தடுப்பாட்டம் பற்றிப் பேசினான். துருக்கியில் இப்படி, சைப்ரஸில் அப்படி. எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். அந்த மரியாதையைப் பார்த்ததும் இவன் தொலைந்தான் என்று தெரிந்துவிட்டது. அவன் பெயரை யாரும் முன்மொழியவில்லை.

நான் வழக்கம்போல ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கமாட்டேன் என்றுதான் சத்தியம் செய்திருந்தேன், நூல் உருட்டமாட்டேன் என்று இல்லை. மடியிலிருந்த நூல்கண்டைத் தரையில் உருட்டிவிட்டேன். அது நேராகப் போய் அவன் காலடியில் நின்றது.

அஸ்லே அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அறையே அவனைப் பார்த்தது. ஷூ முனையால் மெல்லத் தள்ளினான். நூல்கண்டு மேசைக்கடியில் போய்விட்டது.

"ஏம்ப்பா, குனிஞ்சு எடுக்கவும் லிதுவேனியாலருந்து ஆள் வரணுமா?" என்றார் ஹல்வார். ஐந்து மாதத்தில் அவனிடம் அவர் சொன்ன முதல் குத்தல்.

அஸ்லேவுக்குக் காது சிவந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். பாதியில் முட்டி மாட்டிக்கொண்டது. மேலேயும் வர முடியவில்லை, கீழேயும் போக முடியவில்லை. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஹல்வார்தான் ஓடிப்போய்த் தோளைப் பிடித்துத் தூக்கி உட்கார வைத்தார்.

 போர்கில்ட் கிழவி ஊன்றுகோலால் தரையைத் தட்டினாள். ஒவ்வொரு டுக்னாட்டிலும் உட்கார்ந்த இடத்தில் எல்லோருக்கும் வாஃபிள் பலகாரம் சுடுகிறவள் அவள்தான்.

"அட கூறுகெட்டவனே, இதுக்கா ஆள் வச்ச? எனக்கு இடுப்பு போய் எத்தனை வருஷமாச்சு! நான் ஆளா வச்சேன்? முடியாதவங்க வாஃபிள் சுடணும், அதுதானே முறை! சின்ன வயசுல என் கையால எத்தனை தின்னிருப்ப, எதுக்கு நான் உக்காந்துருக்கேன்னு ஒருநாளாவது யோசிச்சியா?"

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும். அஸ்லே தலையைக் குனிந்துகொண்டான்.

நல்ல கதையாக இருந்தால் அந்த நிமிடமே அவனுக்கு வேலை கிடைத்திருக்கும். கிடைக்கவில்லை. பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி ஆசிரியை தூரிட்டைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். சரியான தேர்வு, நானும் கை தூக்கினேன். கூட்டம் முடியும்போது ஹல்வார் கேட்டார்:

"அடுத்தது வாஃபிள். போர்கில்டுக்குக் கையும் வலிக்குதாம். யாரு சுடறது?"

கிழவி ஊன்றுகோலை என் தம்பி பக்கம் நீட்டினாள்.

மே மாத டுக்னாட்டில் அஸ்லே காலையிலேயே முதல் ஆளாக வந்து, அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். முதல் வாஃபிள் கருகியது, இரண்டாவது வேகவில்லை.

"சைப்ரஸ்ல இதைத்தான் தின்னீங்களா?"

"பெஞ்சுல உக்காந்து பழகினவன், உக்கார்றதை மட்டும் நல்லா செய்றான்!"

"மாவைக் கம்மியா ஊத்துடா, தடுக்கத் தெரியாதவனே, வழியுது!"

பாசி சுரண்டிய கையோடு வரிசையில் நின்றவர்கள் ஆளுக்கொன்று சொல்லி வாங்கிப் போனார்கள். அவன் அடுத்த வாஃபிளுக்கு மாவை ஊற்றினான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, புகை என்றான். என் முறை வந்தபோது ஒன்றை எடுத்து, பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்து மடித்துக் கொடுத்தான்.

"எப்படிக்கா இருக்கு?"

"கேவலமா இருக்கு," என்று சொல்லிவிட்டு இன்னொன்றுக்குக் கை நீட்டினேன்.