கொக்கியில் தொங்கிய எடை

பாலத்தின் வாயில் நட்டிருந்த பலகையில் ஒரே வரிதான்: இருபத்தெட்டு டன்னுக்கு மேல் போகக் கூடாது. போன மாத வெள்ளத்தில் நடுத்தூண் ஒன்று அரித்துப்போனதிலிருந்து அந்தப் பலகை நிற்கிறது. பலகையை விட உறுதியாக அதன் பக்கத்தில் காவல்காரர் நின்றார்.

“எடைச் சீட்டைக் கொண்டாங்க, சங்கிலியை அவுக்கறேன். சீட்டு இல்லாம எங்கப்பாவே வந்தாலும் விட மாட்டேன்.”

“உயிர் போற விஷயம்ங்க” என்றான், துளை போடும் ரிக் லாரியோடு வந்து நின்ற ரிக்காரன்.

“தெரியும்ங்க. பாலம் விழுந்தா உங்க உயிரும் சேர்ந்து போகும். எடை மேடை அதோ, கூப்பிடு தூரத்துலதான் இருக்கு.”

ஆற்றுக்கு அக்கரையில், குடிநீர்க் குழாய்க்காக மலையில் குடைந்த சுரங்கத்தில் காலையில் மண் சரிந்து மூன்று பேர் உள்ளே அகப்பட்டிருந்தார்கள். அதில் ஒருவன் ரிக்காரனின் மைத்துனன். வீட்டில் எல்லோருக்கும் சின்னவன். மேலிருந்து பதினெட்டு மீட்டர் துளை போட்டால் அவர்களுக்குக் காற்று போகும். துளை போடும் ரிக் லாரி அந்தச் சுற்றுவட்டாரத்தில் இவர்களிடம் மட்டும்தான் இருந்தது. லாரியின் முதுகில் துளையிடும் இயந்திரம். பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துவரும் டிரெய்லரில், அதற்கு அழுத்தக் காற்று கொடுக்கும் கம்ப்ரசர். அவன் துளை போடுவான், அவன் மனைவி கம்ப்ரசரைப் பார்த்துக்கொள்வாள். ஒன்றில்லாமல் மற்றது வெறும் இரும்பு. சுற்றுவழியில் போனால் நாலு மணி நேரம் ஆகும்.

சுரங்கத்து மேஸ்திரி போனில் சொல்லியிருந்தார். “உள்ளேருந்து குழாயைத் தட்டுறாங்கம்மா. ஆளுக்கு ஒண்ணுன்னு மூணு தட்டு. கொஞ்ச நேரம் சும்மா. மறுபடி மூணு.”

எடை மேடை நீளம் குறைந்தது, முன்னும் பின்னும் சரிவு. லாரி ஏறினால் டிரெய்லர் பின்சரிவில் நின்றது.

“அதனால என்ன?” என்றார் எடை மேடைக்காரர், கண்ணாடி அறையின் ஜன்னல் வழியே தலையை நீட்டி. “முதல்ல லாரி, அப்புறம் டிரெய்லர். ரெண்டையும் கூட்டினா ஆச்சு. தினம் அப்படித்தான் போடறேன்.”

லாரி மேடையில் நின்றபோது 22,310 கிலோ. லாரி முன்சரிவில் இறங்கி டிரெய்லர் மேடைக்கு வந்தபோது 5,540. மொத்தம் 27,850. அவர் சீட்டில் முத்திரை குத்தி நீட்டினார். அவன் மனைவி அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்து வண்டியில் ஏறினாள்.

“நூத்தம்பது கிலோ குறைச்சல்தாங்க! எடுங்க வண்டிய!”

அவன் சாவியில் கை வைத்தான். திருப்பவில்லை.

“ஐயாயிரத்து ஐந்நூறா?” என்றான் மெதுவாக.

“ஏங்க!”

“கம்ப்ரசரோட சேர்த்து டிரெய்லர் வாங்கின அன்னைக்கே ஆறு டன். டீசல் ஊத்தினா இன்னும் கூடும். எப்படி இளைக்கும்?”

அவன் கண்ணாடியில் பின்னால் பார்த்தான். டிரெய்லர் மூக்கைக் கவிழ்த்து நின்றது. லாரி மேடையில் இருந்தபோது அதே டிரெய்லர் பின்சரிவில் மூக்கைத் தூக்கி நின்றதும் நினைவுக்கு வந்தது.

இரண்டு பேர் பீரோவை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனால் யாருக்குக் கனம் அதிகம்? கீழ்ப்படியில் நிற்பவனுக்குத்தான். லாரியும் டிரெய்லரும் அப்படித்தான் ஒரு கொக்கியால் பிணைந்திருக்கின்றன. டிரெய்லரின் எடையில் கொஞ்சத்தைக் கொக்கி வழியே லாரி சுமக்கிறது. எவ்வளவு சுமக்கிறது என்பது எது மேட்டில், எது பள்ளத்தில் என்பதைப் பொறுத்தது. முதல் தடவை லாரி மேடையில், டிரெய்லர் பள்ளத்தில். கனம் டிரெய்லர் பக்கம் சாய்ந்தது. இரண்டாம் தடவை டிரெய்லர் மேடையில், லாரி பள்ளத்தில். கனம் லாரி பக்கம் சாய்ந்தது. இரண்டு தடவையும் கீழே நின்றவன்தான் அதிகம் சுமந்தான். கீழே நின்றவன் இரண்டு தடவையும் மேடைக்கு வெளியே இருந்தான்.

“சீட்டு தப்பு” என்றான். “கழட்டித் தனித்தனியா போடணும்.”

“எவ்வளவு நேரம்?”

“அரை மணி.”

அவள் அவனைப் பார்த்த பார்வையில் பதினாறு வருடக் குடித்தனமும் கருகியது. “உங்க தம்பியா இருந்தா இந்நேரம் பாலத்தைத் தாண்டியிருப்பீங்க.”

அவன் இறங்கிப்போய் டிரெய்லரின் ஊன்றுகாலை இறக்கினான்.

எடை மேடைக்காரர் வெளியே வந்தார். “என்ன தம்பி, என் மேடை பொய் சொல்லுதுங்கறியா? சர்க்கார் முத்திரை போட்ட மேடை.”

“உங்க மேடை நிஜத்தைத்தாங்க சொல்லுது. நாமதான் பாதி வண்டிய வெளிய நிறுத்திட்டு அதுகிட்ட கேள்வி கேட்டோம்.”

டிரெய்லரின் எல்லாச் சக்கரங்களும் ஊன்றுகாலும் மேடைக்குள் இருக்கின்றனவா என்று குனிந்து பார்த்தான். பிரேக்குக்கான காற்றுக்குழாயைக் கழற்றினான். கொக்கியை விடுவித்து லாரியை முன்னால் நகர்த்தினான். மேடையில் டிரெய்லர் மட்டும், எதையும் தொடாமல், யாரிடமும் சாயாமல் நின்றது.

6,420.

எடை மேடைக்காரர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

டிரெய்லரை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, லாரியைச் சுற்றிக் கொண்டுவந்து மேடையேற்றினான். கீழே நின்ற மனைவியிடம், “நீயும் ஏறி உக்காரு. போறப்ப எப்படிப் போவமோ அப்படியே நிறுக்கணும்” என்றான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டே ஏறினாள். பிரேக்கை விட்டு, எஞ்சினை அணைத்தான். எண் ஆடி ஆடி அடங்கியது.

21,960.

மொத்தம் 28,380. பாலம் தாங்குவதைவிட முந்நூற்று எண்பது கிலோ கூடுதல். போயிருந்தால் நடுத்தூணுக்கு மேலே தெரிந்திருக்கும்.

அவள் ஸ்டியரிங் பக்கமாகச் சரிந்து அழுதாள். “இப்ப என்னங்க பண்றது? துளைக் குழாய்ல அஞ்ச இறக்கிடலாமா?”

“இறக்கினா பதினெட்டு மீட்டர் எட்டாதே.”

போன் ஒலித்தது. மேஸ்திரி. அவள் கேட்டுவிட்டுப் போனை மடியில் வைத்தாள். “ரெண்டு தட்டுதான் கேக்குதாம். பத்து நிமிஷமா ரெண்டுதான்.”

வண்டிக்குள் வெயில் கொதித்தது. அவள் கையில் இரண்டு புதிய சீட்டுகள் இருந்தன. ஒன்றை மேலே வைத்துப் பார்த்தாள், பிறகு மற்றதை.

“ஏங்க. கூட்டினாத்தானே இருபத்தெட்டைத் தாண்டுது?”

“ஆமா.”

“எதுக்குக் கூட்டணும்?”

அவன் திரும்பினான்.

“லாரி முதல்ல போகட்டும். அக்கரைல நின்னு, நம்ம வின்ச் கயித்தால டிரெய்லரை இழுங்க. எந்த நேரமும் பாலத்து மேல ஒண்ணுதானே நிக்கும்?”

லாரியில் கயிற்றைச் சுருட்டி இழுக்கும் வின்ச்சின் கயிறு ஐம்பது மீட்டர். பாலம் முப்பத்தைந்து. அவன் கதவைத் திறந்து குதித்தான்.

காவல்காரர் இரண்டு சீட்டுகளையும் வாங்கி, உதடு அசைய இரண்டு முறை படித்தார். “தனித்தனியான்னா எனக்கு ஆட்சேபணை இல்ல” என்று சங்கிலியை அவிழ்த்தார்.

டிரெய்லரைப் பாலத்தின் வாயில் கழற்றி நிறுத்திவிட்டு, லாரி நடைவேகத்தில் போனது. நடுத்தூணுக்கு மேலே பாலம் முனகியது, தாங்கியது.

காற்றுக்குழாயைக் கழற்றினால் டிரெய்லரின் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். அதன் தொட்டியிலுள்ள காற்றையெல்லாம் திறந்துவிட்டால்தான் சக்கரம் உருளும். அப்படி உருளும் சக்கரத்தை நிறுத்தவும் ஒன்றும் இருக்காது. அதனால் அவள் ஒரு பக்கமும் எடை மேடைக்காரர் மறுபக்கமும் ஆளுக்கொரு மரக்கட்டையோடு நடந்தார்கள். அவரை யாரும் கூப்பிடவில்லை. அறையைப் பூட்டிவிட்டு அவராகவே வந்திருந்தார்.

“இருபது வருஷமா கூட்டிக்கிட்டே இருந்திருக்கேன்மா” என்றார் கயிறு விறைத்தபோது.

“கட்டையைப் பாருங்கண்ணே” என்றாள் அவள்.

ஊன்றுகாலின் சின்னச் சக்கரம் பாலத்தின் இணைப்புப் பள்ளத்தில் ஒருமுறை சிக்கியது. கடப்பாரையால் நெம்பினார்கள். அப்போது போன் அடித்தது. அவள் எடுக்கவில்லை, எடுத்தால் கட்டையை விட வேண்டும்.

அக்கரையில் டிரெய்லரைக் கொக்கியில் மாட்டிய பிறகுதான் எடுத்தாள்.

“தட்டல் நின்னுடுச்சும்மா” என்றார் மேஸ்திரி.

மலையேறும்வரை அவள் அதைக் கணவனிடம் சொல்லவில்லை. மேஸ்திரி சுண்ணாம்பால் குறித்திருந்த இடத்தில் லாரியை மட்டம் பார்த்து நிறுத்தினார்கள். கம்ப்ரசர் உறுமியது. மூன்று மீட்டர், ஆறு மீட்டர், பாறை. ஒவ்வொரு குழாயாக மாட்டி இறக்கினான். பதினேழரை மீட்டரில் எதிர்ப்பு சட்டென்று அற்று, குழாய் ஒரு சாண் தானாக இறங்கியது.

அவன் கையைத் தூக்கினான். அவள் கம்ப்ரசரை நிறுத்தினாள்.

அத்தனை சத்தத்துக்குப் பிறகு வந்த அமைதி காதை அடைத்தது. அவள் ஸ்பானரை எடுத்து, துளையில் நின்ற குழாயில் மூன்று முறை தட்டிவிட்டு, இரும்பில் காதை வைத்தாள். அவனும் எதிர்ப்பக்கம் குனிந்து காதை வைத்தான். இருவர் முகத்துக்கும் நடுவே ஒரு குழாயின் கனம்தான் இருந்தது.

ஒன்றுமில்லை.

மறுபடி தட்டினாள். “சின்னவனே” என்றாள், இரும்பிடம்.

கீழிருந்து ஒரு தட்டு வந்தது.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டாவது வந்தது.

அவள் விரல்கள் குழாயைச் சுற்றியிருந்த கணவனின் விரல்கள்மேல் இறுகின. நேரம் போயிற்று. காற்று இப்போதுதானே போகிறது, மற்ற இருவரும் மூன்றாமவனைத் தட்டி எழுப்ப வேண்டாமா என்று மனசுக்குள் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தான் அவன்.

பிறகு, நகத்தால் சுரண்டுவது போல, மூன்றாவது.