மெதுவாக ஏறும் கரண்ட்

அண்ணன் அடுத்த வருஷம் எலெக்ட்ரிக் கார் வாங்கப்போகிறானாம். அதற்கு இப்போதே கார் ஷெட்டில் லைன் இழுத்து வைக்க வேண்டுமென்று அப்பா என்னை வரச்சொன்னார். "நீதானே பாப்பா இன்ஜினியர்" என்றார் போனில். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவள் நான். ஃபேன் நின்றுபோனால்தான் அந்தப் படிப்பு அப்பாவுக்கு ஞாபகம் வரும்.

அண்ணன் பத்தாவதோடு நின்றவன். கார் அவனுக்கு. நான் பஸ்ஸில் வந்து இறங்கினேன்.

அந்த ஷெட்டில் ஒருநாளும் கார் நின்றதில்லை. ஆயுசு முழுக்க ஊரான் லாரியை ஓட்டிய அப்பா, மகன் வண்டி நிற்கட்டும் என்று கட்டியது. அண்ணன் வருவான், வண்டியைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தி, இன்ஜினைக்கூட அணைக்காமல் நாலு வார்த்தை பேசிவிட்டுக் கிளம்பிவிடுவான். அம்மா செத்தபிறகு அந்த நாலு வார்த்தையும் குறைந்துவிட்டது.

மீட்டர் எவ்வளவு தாங்கும் என்று பார்த்து, பைப் போகவேண்டிய வழியைச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டேன். எலெக்ட்ரீஷியன் உளியை எடுத்தார்.

"த்ரீ ஃபேஸ்தானே மேடம்?"

"ஆமா. கேபிள் தடிமனா, பைப்பும் பெரிசா."

"அப்போ காருக்கு ராஜ உபசாரம்தான். உங்க அண்ணன் சாப்பிட்டுக் கை கழுவுறதுக்குள்ள ஏத்தி அனுப்பிடலாம்."

அப்பாவின் முகம் தொங்கிப்போனது. "அவ்வளவு சீக்கிரமாவா?"

"சீக்கிரம்னா நல்லதுதானேப்பா."

"மெதுவா ஏறுறது ஒண்ணும் இல்லையா? ராத்திரி பூரா ஆகுற மாதிரி?"

எலெக்ட்ரீஷியன் சிரித்துவிட்டார். "ஏன் இல்லாம? சாதா பதினாறு ஆம்ப்ஸ் பிளக் போதும். விடிய விடிய நிக்கணும் ஐயா."

"அதையே போடுப்பா."

அப்போதுதான் உறைத்தது. கார் நின்றால் மகனும் நிற்பான்.

"சரி, பிளக் சின்னதா இருக்கட்டும்" என்றேன். "பைப்பையாவது பெரிசா விடலாம். பின்னாடி மாத்தணும்னா சுவரை உடைக்க வேண்டாம்."

"வேண்டாம். வழி விட்டா எவனாவது வந்து வேகமாக்கிடுவான்."

"நாளைக்கு நான் கார் வாங்கினா?"

"நீ எப்படியும் தங்கிட்டுத்தானே போவ. உனக்கெதுக்கு பாப்பா வேகம்?"

குத்திக்காட்டச் சொல்லவில்லை அவர். வெள்ளந்தியாகச் சொன்னார். அதுதான் பற்றிக்கொண்டு வந்தது. மாதம் தவறாமல் வந்து, அம்மாவின் கட்டிலில் படுத்து, அப்பாவின் மாத்திரைகளைப் பிரித்து வைத்துவிட்டுப் போகிறவள் நான். தங்குகிறவளைப் பற்றி யோசிக்க என்ன இருக்கிறது? தங்காதவனுக்காகத்தான் சுவரைக் குடைகிறோம்.

"பெரிய பைப்பே போடுங்க" என்றேன் எலெக்ட்ரீஷியனிடம். "அரைகுறை வேலைக்கு என்னைக் கூப்பிட்டிருக்க வேண்டாம்ப்பா." பிளக் மட்டும் அப்பா கேட்டதுதான்.

எலெக்ட்ரீஷியன் போனதும் பையை மாட்டிக்கொண்டேன்.

"எங்க பாப்பா?"

"கிளம்புறேன்."

"நாளைக்குன்னு சொன்னியே?"

"எனக்கும் வேலைவெட்டி இருக்குப்பா."

காலடியில் கிடந்த சுவர்த்தூளைச் செருப்பால் ஒதுக்கிக்கொண்டே இருந்தார். என்னிடம் 'இரு' என்று சொல்லும் தேவை அவருக்கு இதுவரை வந்ததில்லை. அந்த வார்த்தையை எங்கே தேடுவார்?

"அடுத்த பஸ்ல போயேன்" என்றார், தரையைப் பார்த்தபடி.

நான் உட்காரவில்லை. பையையும் இறக்கவில்லை. ஆனால் கேட் வரை போன கால் அதற்குமேல் போகவில்லை.